கைப்பயிற்சியில் வயிற்றுத் தசைகளுக்கு என்ன வேலை? ரெசிஸ்டன்ஸ் பேண்ட் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: ரெசிஸ்டன்ஸ் பேண்டைக் (இழுத்துப் பயிற்சி செய்வதற்கான இரப்பர்ப் பட்டை) கொண்டு கைகளுக்கு மட்டுமே பயிற்சி செய்கிறேன். ஆனால் மறுநாள் விலாவுக்குக் கீழே வலிக்கிறது. தவறாகச் செய்கிறேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நின்றபடி பேண்டை இழுக்கும்போது, அது கையோடு சேர்த்து உடலையும் சாய்க்கவோ திருப்பவோ பார்க்கிறது. அதற்கு இடம் கொடாமல் முதுகெலும்பை நிலையாகப் பிடித்திருப்பவை வயிறு, பக்கவாட்டு, கீழ்முதுகுத் தசைகள். வயிற்றைக் கச்சை போலச் சுற்றியுள்ள ஆழ்ந்த குறுக்குத் தசை, கை அசைவதற்குச் சற்று முன்பே இறுகிவிடுகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1990-களில் தசை மின்பதிவின் மூலம் காட்டினார்கள். மந்தமான வலி ஓரிரு நாளில் அடங்கிவிடும். குத்தும் வலியோ வயிற்றில் புடைப்போ தென்பட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: இதனால் தொப்பை குறையுமா?

பதில்: தசை வலுவாகும், அதன் மேலுள்ள கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் தனியாகக் கரையாது.

கேள்வி: கைக்கும் நடுவுடலுக்கும் சேர்த்து ஒரே ஒரு பயிற்சியைச் சொல்வதானால் எதைச் சொல்வீர்கள்?

பதில்: தயக்கமின்றிப் பாலஃப் பிரஸ்ஸைச் சொல்வேன்; ஜான் பாலஃப் என்ற பிசியோதெரபிஸ்டின் பெயரால் வழங்குவது. பேண்டை மார்பு உயரத்தில் உறுதியான கம்பியில் கட்டி, கம்பி உங்கள் பக்கவாட்டில் இருக்குமாறு நின்று, இரு கைகளாலும் பேண்டை நெஞ்சருகே பிடித்து நேர் முன்னே மெதுவாக நீட்டுங்கள். கை நீள நீள, உடலைக் கம்பிப் பக்கம் திருப்பும் விசை கூடுகிறது; ஆகவே முழுவதும் நீட்டிய நிலையில் இரண்டு மூன்று விநாடிகள் நிறுத்துவதில்தான் பயிற்சியின் பலனே இருக்கிறது. பக்கத்துக்கு 8 முதல் 12 முறை போதும். கைகள் கம்பியை நோக்கி நகர்ந்தாலோ, நீங்களே எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளித்தாலோ பேண்ட் உங்களுக்கு அதிகம் என்று பொருள். கம்பிக்கு ஓரடி நெருங்கி நில்லுங்கள். அது பழகியபின் ஒற்றைக் கையால் பேண்டை இழுக்கும் பயிற்சியைச் சேர்க்கலாம். முழங்கையை மடக்கிப் பேண்டை மேலே இழுக்கும் பைசெப்ஸ் கர்லை இரு கைகளாலும் ஒன்றாகச் செய்வது கைக்கு நல்லதுதான் என்றாலும், அதில் உடலைத் திருப்பும் விசை அநேகமாக இல்லை. முதுகைச் சாய்த்து உட்கார்ந்து செய்தால் நடுவுடலின் வேலையில் பெரும்பகுதியை நாற்காலியே பார்த்துக்கொள்கிறது!

கேள்வி: வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே விரலை வைத்து லேசாக இருமிப் பாருங்கள். விரலை வெளியே தள்ளும் அந்த இறுக்கத்தை மிதமாகத் தக்கவைத்தால் போதும். கையை நீட்டும்போது மூச்சை விடுங்கள், மடக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், ஏற்கெனவே உயர் அழுத்தம் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கேள்வி: எந்த நிறப் பேண்டை வாங்குவது?

பதில்: நிறத்துக்கான அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. கடைசி இரண்டு முறை கை சிரமப்பட்டும் இடுப்பு அசையாதிருந்தால் அதுவே உங்களுக்கான பேண்ட். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் துணி உறையிட்ட பேண்டை நம்பி வாங்காமல், லேடெக்ஸ் அற்றது என்று குறிப்பிட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெயில் பட்ட இரப்பர் சீக்கிரம் வெடிப்பு விடும். அறுந்த பேண்ட் முகத்தை நோக்கி வரக்கூடும் என்பதால், ஒவ்வொரு முறையும் இழுப்பதற்கு முன் முடிச்சுப் பகுதியை ஒருமுறை விரித்துப் பார்த்துவிடுங்கள்.