பதில்: அப்பாவின் தலையில் எடுத்த கட்டி டிஎஃப்எஸ்பி என்று வந்திருக்கிறது

கொழுப்புக் கட்டி என்று எடுத்தது பயாப்ஸியில் டிஎஃப்எஸ்பி (தோலில் மெதுவாக வளரும் ஒரு அபூர்வப் புற்றுநோய்), ஓரத்தில் இன்னும் புற்றுச் செல்கள் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பதறாதீர்கள். இது உடம்பில் பரவுவது அபூர்வம். ஆனால் எடுத்த இடத்திலேயே திரும்ப முளைக்கும், கண்ணுக்குத் தெரியாமல் வேர் மாதிரி பக்கவாட்டில் ஓடியிருக்கும்.

முதலில் எடுத்த கட்டியின் ஸ்லைடு, பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு) இரண்டையும் வாங்கி, சார்கோமா எனும் மென்திசுப் புற்றுகளைப் பார்த்துப் பழகிய நோயியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஃபைப்ரோசார்கோமா மாற்றம் (இன்னும் தீவிரமான வகையாக மாறியிருப்பது) உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கணக்கே வேறு. பிறகு எம்ஆர்ஐ, மறு அறுவை. வழக்கமாகச் சுற்றிலும் 2-3 செ.மீ. விட்டு எடுப்பார்கள்; மோஸ் முறை (அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே போவது) கிடைத்தால் தலைக்கு அதுவே மேல்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: ஓரம் சுத்தம் என்று அறிக்கை வரும்வரை பக்கத்துத் தோலைத் திருப்பி மூடச் சம்மதிக்க வேண்டாம். மிச்சம் இருந்தால் எங்கே என்று தேடுவது பெரும்பாடு. அதுவரை கட்டுப் போட்டு வைக்கலாம். எலும்பின் மேலுறையும் போய்விட்டால் ஒட்டுத்தோல் (வேறு இடத்திலிருந்து எடுத்து வைக்கும் தோல்) நேராகப் பிடிக்காது, அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.