வைக்கோலைப் படித்து வேலை கிடைக்குமா? மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து கேட்ட ஒரு தாய்க்கு

அக்கா, மகள் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் (பயிர், விலங்கு போன்ற உயிர் வளங்களுக்கான தொழினுட்பம்) படிக்க நிற்கிறாள், வைக்கோலில் எரிபொருள் எடுக்கிற ஆலை என்றே கதைக்கிறாள், எங்கட பக்கம் அப்படி ஒன்றும் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். நேரே சொல்கிறேன். பட்டம் முடிந்த கையோடு மட்டக்களப்பில் அப்படியோர் ஆலையில் வேலை கிடைக்கும் என்று நம்பி அனுப்ப வேண்டாம். ஆனால் இந்தத் துறையில் ஆலைக்கு வெளியேதான் பாதி வேலை: எந்தக் கழிவு, எந்த வட்டையில் (வயல்வெளியில்), எந்த மாதம், ஆலையை எங்கே வைப்பது. உங்கள் பிள்ளை வளர்ந்த இடமே அதற்குப் பள்ளிக்கூடம்.

வெட்டு மெஷின் இறங்கி ஏறிய வயலில் ஒரு தொன் நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு தொன் வைக்கோல் கிடக்கும். அதை உதிரியாக உழவு மெஷின் பெட்டியில் முட்ட முட்ட ஏற்றினாலும் நிறை வராது, அதனால் கட்டாகக் கட்டியே தூக்க வேண்டும், அப்படிக் கட்டினாலும் தூரம் கூடக்கூட டீசல் காசு வைக்கோல் காசைத் தின்றுவிடும். பெரும்போக வெட்டில் மழை பிடித்தால் வயலிலேயே அழுகும். சிறுபோகத்தில் நன்றாகக் காயும், ஆனால் குளத்துத் தண்ணீர் பாய்கிற வட்டைகளில் மட்டும்தான் சிறுபோகம். ஆலைக்கோ வருடம் முழுக்க வேண்டும். இந்தியாவில் பானிப்பட்டில் 2022இல் திறந்த, வைக்கோலிலிருந்து எதனோல் என்ற எரிபொருளை எடுக்கிற ஆலைக்கு வருடத்துக்கு 2 இலட்சம் தொன் வைக்கோல் என்று கணக்குப் போட்டார்கள். ஏக்கருக்கு ஒன்றரைத் தொன் அள்ளினாலும் 1,30,000 ஏக்கருக்கு மேல் வெட்ட வேண்டும்!

அப்புறம் வைக்கோலைத் தின்கிற மாடு இருக்கிறது. நிலமும் இருக்கிறது. பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது, முழுக்க அள்ளினால் அடுத்த போகத்துக்குப் பசளையாக வாங்கிப் போட வேண்டும். 2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் பட்ட பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவை வயலில் விடுவது என்று விவசாயி பக்கம் நின்று சொல்லக்கூடிய ஆள் இந்தத் துறைக்குக் கட்டாயம் வேண்டும். அது உங்கள் மகளாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

உமி வேறு கதை. நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு, சம்மாந்துறை, கல்முனைப் பக்கத்து மில்களில் காய்ந்தபடியே ஓரிடத்தில் குவிகிறது, வயல் வயலாக அலையத் தேவையில்லை. ஆனால் சாம்பல் அதிகம், அதில் பெரும்பாலும் சிலிக்கா (மணலில் இருக்கிற பொருள்), அதைக் கையாளத் தெரிய வேண்டும். கரும்புச் சக்கையைச் சீனி ஆலைகள் பெரும்பாலும் தங்கள் கொதிகலனுக்கே எரித்துவிடும்.

சரி, படிப்பு. வரைபடத்தில் வயல், மில், வீதி மூன்றையும் வைத்துத் தூரமும் செலவும் கணக்குப் பார்க்கப் பழகச் சொல்லுங்கள், அதற்கான கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருள் இலவசம். அந்தக் கணக்குத் தெரிந்தவளுக்கு நெல் ஆலை, சேதனப் பசளை, விறகுக் கொதிகலன் வைத்திருக்கிற தொழிற்சாலை என்று கதவுகள் உண்டு. வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் இருக்கிற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இரண்டிலும் இந்தப் பட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகத் தெரிவில் எதை முதலில் போடுவது என்பதை, இறுதியாண்டு ஆய்வை மில்லிலோ வயலிலோ செய்ய விடுவார்களா என்று அங்கே போய்க் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே கேட்கட்டும்.