பச்சைத் தண்ணீரில் படம் எடுப்பது

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் பாறசாலை, வேலை சிட்னியில். அங்கே கர்னல் என்ற கடற்கரைப் பக்கம் ஸ்கூபா டைவிங் போகிறேன். கேமரா, அதற்குத் தண்ணீர் புகாத உறையான ஹவுசிங், ஃபிளாஷ் எல்லாம் வாங்கியாயிற்று. ஆனால் எடுக்கிற படமெல்லாம் ஒரே பச்சை, அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பவளப்பாறைக் கடலான கிரேட் பேரியர் ரீஃப் போனால்தான் நல்ல படம் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். போகலாமா? லீவில் ஊருக்கு வரும்போது விழிஞ்ஞத்தில் எடுக்க முடியுமா?

ஜே.

அன்புள்ள ஜே.,

தாராளமாகப் போங்கள். ஆனால் கர்னலில் படம் சரியாக வரவில்லை என்று போக வேண்டாம். பவளக் கடல் கண்ணாடிபோல இருப்பதற்குக் காரணம், அந்தத் தண்ணீரில் சத்து குறைவு. நீங்கள் இறங்குவது குளிர்ந்த கடல். மிதவை உயிர்கள் அதிகம். உங்களுக்குப் பிடிக்காத அந்தக் கலங்கலை வடிகட்டித் தின்றுதான் கடற்பஞ்சுகள் பாறையில் ஆரஞ்சும் ஊதாவுமாகப் படர்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியை ஒட்டி ஏறக்குறைய 8,000 கிலோமீட்டருக்கு இந்தப் பாறைத்தொடர் போகிறது. கிரேட் சதர்ன் ரீஃப் என்று பெயர். வாசலிலேயே அது இருக்க, விமானம் ஏறச் சொல்கிறார்கள் நண்பர்கள்!

இனி புள்ளிகள். லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் உள்ள தூசியில் உங்கள் ஃபிளாஷ் பட்டுத் திரும்புகிறது. ஃபிளாஷைக் கேமராவில் பொருத்துகிற நீட்டுக் கைகளில் மாட்டி இருபுறமும் நன்றாக அகற்றுங்கள், லென்ஸுக்குச் சற்றுப் பின்னே தள்ளிக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். வெளிச்சத்தின் ஓரம் மட்டும் மீன்மேல் பட்டால் போதும். அதைவிட முக்கியம், கிட்டப் போவது. சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் பெரும்பாலும் போய்விடும். ஃபிளாஷ் அதைத் திருப்பிக் கொண்டுவரும், ஆனால் ஒரு மீட்டருக்கு அப்பால் அதன் பாச்சா பலிக்காது. ஜூம் செய்கிற பழக்கத்தைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். அகல லென்ஸ் போட்டு ஒரு முழத்துக்குள் போங்கள், இல்லையென்றால் சின்னதைக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் போடுங்கள். பின்னணி இருட்டாக வந்தால் ஷட்டரை 1/60 நொடிக்கு இறக்கிப் பாருங்கள், பச்சை தெளிந்து வரும். கெல்ப் என்கிற பெரிய கடற்பாசிக் காட்டுக்கு அந்தப் பச்சைதான் அழகு. கம்ப்யூட்டரில் போட்டு அதை நீலமாக்குகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

கர்னலில் வீடி சீடிராகன் உண்டு. பாசி இலை முளைத்த கடற்குதிரை மாதிரி இருக்கும். உலகத்தில் ஆஸ்திரேலியாவின் தென்பகுதிக் கடலைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆண்தான் சுமார் 250 முட்டைகளை வாலடியில் ஒட்டிச் சுமக்கும். அதை விரட்டாதீர்கள், அதற்கு ஓடத் தெரியாது. முதுகைக் காட்டித் திரும்பினால் விட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் உடம்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். அந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு. சீடிராகன் சர்ச் என்ற திட்டத்தில் டைவர்கள் அனுப்பும் படங்களை ஒப்பிட்டு, எது எங்கே எத்தனை காலமாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். கண்காட்சிக்கு லாயக்கில்லாத படம்கூட அங்கே உதவும். இதற்காகவே நான் உங்களைக் கர்னலில் இருக்கச் சொல்வேன்.

டாஸ்மேனியா போகிற யோசனை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கடல் சூடேறி அங்கே பெரிய கெல்ப் காடுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 2012இல் அவற்றை அழியும் நிலையில் உள்ளவை என்று அரசே அறிவித்தது.

விழிஞ்ஞம் வெப்பக் கடல்தான், கெல்ப் கிடையாது. ஆனால் பாறையும் கலங்கலும் அப்படியே இருக்கும், ஆகவே கற்ற வித்தை செல்லும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாருங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும், மீன்பாடு பெருகும், டைவர் கண்ணுக்குத்தான் ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கோவளத்தில் டைவிங் கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இறங்குவதற்கு முன் விழிஞ்ஞத்திலோ இந்தப்பக்கம் குமரி மாவட்டத்து இனயத்திலோ சிப்பி எடுக்கிறவர்களிடம் பேசுங்கள். சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி இறங்குகிறவர்கள். எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறையில், எந்த இடுக்கில் சிங்கி இறால் ஒதுங்கும், எந்தக் காற்றுக்குத் தண்ணீர் தெளியும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒருவரைக் கூட அழைத்துப்போனால் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள், அவர் சிப்பி எடுக்கிற நேரம் அது.