அறிவுசார் குறைபாடுள்ள மகனை எந்தத் தொழிற்பயிற்சி மையத்தில் சேர்ப்பது?

மகனுக்கு 16 வயது, அறிவுசார் குறைபாடு, இரண்டு மையங்களைப் பார்த்துவிட்டேன், எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படியொரு மையத்தில் சில வருடங்கள் பேக்கிங் பிரிவில் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என்ன தொழில் கற்றுத்தருகிறார்கள் என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்பதுதான் முதலில்.

நானே சொதப்பிய கதை ஒன்று. ஒரு பையனுக்கு அட்டைப்பெட்டி மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்" என்பான். மூன்று வாரம் ஆகியும் பெட்டிக்கு அடி நிற்கவில்லை. இவனுக்கு வராது என்று எழுதிக் கொடுக்கும் நிலைக்கே வந்துவிட்டேன். கூட வேலை பார்த்தவர், "கொஞ்ச நேரம் பேசாம அவன் கையை மட்டும் பாருங்க" என்றார். பார்த்தேன். அடியில் நான்கு மடிப்பு. மூன்றாவதில் மட்டும் கை தயங்கி நின்றது. எது உள்ளே போக வேண்டும், எது மேலே வர வேண்டும் என்பதில்தான் குழப்பம். அந்த மடிப்பில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தேன். இரண்டே நாளில் பெட்டி நின்றது. அப்புறம் புள்ளியும் தேவைப்படவில்லை. மூன்று வாரமாக வராதது எனக்குத்தான்.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பணிக்கூடங்களில் இருந்தவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார். பாகங்களின் ஒரு பக்கத்தில் வண்ணம் பூசினார். அதுவரை பெரும்பாலும் சுலபமான கைவேலையே கொடுக்கப்பட்டவர்கள் பிரேக்கைப் பூட்டினார்கள்.

அடுத்தது, பயிற்சி எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். வருடம் முழுக்க மையத்துக்குள்ளேயே மெழுகுவர்த்தி, காகிதப் பை என்று ஓடினால் எனக்குச் சந்தேகம்தான். அறைக்குள் கற்றது வெளியே அப்படியே வராது. மேஜை உயரம் மாறினால்கூடச் சிலருக்குத் தடுமாறும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 1996-இல் 'ப்ராஜெக்ட் சர்ச்' என்ற திட்டம் தொடங்கியது. மாணவர்கள் பள்ளியின் கடைசி வருடத்தை வேலையிடத்திலேயே கழிப்பார்கள். வருடத்துக்குள் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்து பார்ப்பார்கள். ஒரு வேலை ஒத்துவரவில்லை என்றால் அதுவும் நல்ல தகவல்தான்.

வேலை கிடைத்த பிறகு பயிற்சியாளர் எத்தனை நாள் கூடப் போவார், எப்படிப் படிப்படியாக விலகுவார் என்பதையும் கேளுங்கள். "வேலை வாங்கித் தந்துவிடுவோம்" என்பது பதில் இல்லை. என்னிடம் படித்த ஒரு பெண் வேலையில் கெட்டிக்காரி. காய்ச்சல் வந்து மூன்று நாள் போகவில்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டாள். வேலை போய்விட்டது. லீவு சொல்வது எப்படி என்று நாங்கள் யாரும் அவளுக்குக் கற்றுத்தரவே இல்லை. பஸ் ஏறுவது, இடைவேளை முடிந்து திரும்புவது எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒன்று. காதுகேளாத பிள்ளைக்குத் தேவைப்படுவது வேறு: சைகை மொழி தெரிந்தவர், மணிக்குப் பதில் எச்சரிக்கை விளக்கு, இயந்திரத்தைப் பார்த்தபடி பேசாமல் முகம் பார்த்துப் பேசும் ஆசிரியர். இவற்றுக்காகத் தனி மையம் தேட வேண்டியதில்லை, வழக்கமான தொழிற்பயிற்சி நிலையத்திலேயே கேட்கலாம். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆவது பிரிவு, தொழிற்பயிற்சியிலும் இத்தகைய வசதிகள் செய்து தரப்பட வேண்டும் என்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மையங்களிலும் அரை நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மாணவர் தடுமாறும்போது பயிற்சியாளர் பொறுத்திருக்கிறாரா, சட்டென்று வாங்கித் தானே செய்துவிடுகிறாரா என்று பாருங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் சொல்லாமல் அவன் எந்த மேஜைப் பக்கம் போய் நிற்கிறான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.