பழைய மின்சாரக் கார்: தண்டையார்பேட்டை டு வேலூர்

தினம் ஸ்ரீபெரும்புதூர் போய்வரவும், மாதம் ஒருமுறை வேலூருக்கு வழியில் சார்ஜ் போடாமல் போகவும் 2020 டாடா நெக்ஸான் மின்சாரக் கார் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்ரீபெரும்புதூருக்குச் சரி. வேலூர் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அங்கே சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. அதன் பேட்டரி 30.2 யூனிட்தான், முழு சார்ஜுக்கு 312 கிலோமீட்டர் என்பது சோதனைக் கணக்கு. ஏசி போட்டு நெடுஞ்சாலையில் 200 வந்தாலே நல்லது. கொஞ்சம் பொறுத்து, 2022-ல் வந்த 40.5 யூனிட் நெக்ஸான் மேக்ஸைத் தேடுங்கள்.

இன்னும் இவ்வளவு ஓடும் என்று மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பாதீர்கள். 50 கிலோமீட்டர் ஓட்டி, சார்ஜ் எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். 20 இறங்கினால் முழு சார்ஜுக்குச் சுமார் 250 வரும்.

அப்புறம், நம்ம பக்கத்து வண்டி என்றால் 2023 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்றதா என்று இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேட்டே ஆகவேண்டும். தரை விரிப்பைத் தூக்கிச் சேறு இருக்கிறதா பாருங்கள். என் தம்பி இதை விட்டுவிட்டு ஆறு மாதம் அலைந்தான். கடலோர வண்டிகளில் அடிப்பக்கத் துருவையும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். பேட்டரி வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.