நாயின் தாடை தொங்கினால் வாய்க்குள் கைவிடாதீர்கள்

கேள்வி: தோட்டத்துக் காவலுக்கு ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம். வயது இரண்டு, ஊசி எதுவும் போட்டதில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்பு தெருநாயோடு சண்டை போட்டுக் காதில் காயம்பட்டது. நான்கு நாள் முன்பு, காரணமே இல்லாமல் கறவை மாட்டின் பின்னங்காலைக் கடித்து ரத்தம் வந்தது. முந்தாநாளிலிருந்து தீனி எடுக்கவில்லை. கீழ்த்தாடை தொங்கி எச்சில் ஒழுகுகிறது. எலும்பு சிக்கியிருக்கும் என்று என் மனைவி நேற்று வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தார், ஒன்றும் இல்லை. யாரையும் துரத்தவில்லை, மூலையில் சுருண்டு படுத்திருக்கிறது. ஆறு வயது மகன் எப்போதும் அதோடுதான் விளையாடுவான். என்ன வைத்தியம் செய்யலாம்? மாட்டுப்பாலை சொசைட்டிக்கு ஊற்றலாமா?
- ஒரு விவசாயி, தருமபுரி மாவட்டம்

பதில்: பால் விஷயத்தைப் பிறகு பேசலாம். நாய்க்கு ரேபிஸ் எனும் வெறிநோய் என்றே தோன்றுகிறது. முதலில் உங்கள் மனைவியும் மகனும் இன்றே அரசு மருத்துவமனைக்குக் கிளம்பட்டும். கிளம்பும் முன், நாயின் வாய்க்குள் போன கையைக் குழாயடியில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். நேற்றுப் பட்டது என்றாலும் பரவாயில்லை. ரேபிஸ் கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. துணி துவைக்கிற சோப்பே அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்ப வேண்டாம்.

கடிக்கவில்லையே, கைதானே விட்டாள் என்று தோன்றும். புல் அறுத்து, களை எடுத்து, வெடிப்பும் கீறலுமாக இருக்கும் கையில் இந்த எச்சில் பட்டால் அது ஆழமான கடிக்குச் சமம். மருத்துவர்கள் இதை மூன்றாம் வகை என்பார்கள். இதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது; இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்திலேயே செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் கிருமி நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறாமல் காப்பது இந்த மருந்துதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லையென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ‘நாய் நக்கிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லாமல், தாடை தொங்கிய நாயின் வாய்க்குள் கைவிட்டதையும் கையில் வெடிப்பு இருப்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

பையனை ‘நாய் உன்னைக் கடித்ததா’ என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே நாயின் எச்சிலில் கிருமி இருக்கும். அவனுக்கும் ஊசி போட்டே ஆக வேண்டும். உடம்பில் கீறல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று தோலுக்குள் ஏற்றுகிறார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை நாட்டில் நிறுத்தி 20 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான் போடுகிறார்கள், பத்தியமும் கிடையாது. இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுகிற ஆட்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அப்படி விட்டுவிடாதீர்கள்.

இனி நாய். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ரேபிஸ் என்றே நான் எடுத்துக்கொள்வேன். வெறிநோய் என்றால் ஓடி ஓடிக் கடிக்கும் நாயைத்தான் நம் மக்கள் நினைக்கிறார்கள். ஊமை வடிவம் ஒன்று உண்டு. அதில் தாடையும் தொண்டையும் செயலிழந்து, வாயை மூட முடியாமல், எச்சிலை விழுங்க முடியாமல், இருட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். எலும்பு சிக்கிய நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். இது சும்மா கிடக்கும். குறி தெரிந்தபின் வைத்தியம் எதுவும் இல்லை. பெரும்பாலும் 10 நாளுக்குள் செத்துவிடும். யாரும் தொடாமல், அது இருக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு, கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். தலையில் அடித்துக் கொல்லாதீர்கள். இறந்தபின் மூளையைச் சோதித்துத்தான் நோயை உறுதி செய்ய முடியும். அந்த மாதிரியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். பிறகு சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்துவிடலாம்.

மாட்டின் கடிவாயையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. கடிபட்ட மாட்டுக்கு 0, 3, 7, 14, 28-ஆம் நாள்களில் ஐந்து ஊசி. நான்கு நாள் போய்விட்டது. இன்றே முதல் ஊசி விழட்டும். 10 நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்ற கணக்கு நாய்க்கும் பூனைக்கும் உரியது, மாட்டுக்குப் பொருந்தாது. மாட்டில் நோய் வெளிப்பட வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட ஆகும். தொண்டை கட்டிய குரலில் ஓயாமல் கத்துவது, சாணம் போடுவதுபோல் முக்கிக்கொண்டே இருப்பது, பின்னங்கால் தள்ளாடுவது, எச்சில் வடிவது, இவையெல்லாம் அடையாளம். சிலர் அந்தக் கத்தலைப் பருவம் என்று நினைத்துச் சினை ஊசிக்கு ஆள் கூப்பிடுவார்கள். இன்னும் சிலர் மாங்கொட்டை சிக்கிவிட்டது என்று தொண்டைக்குள் முழங்கை வரை விடுவார்கள். நாயிடம் நடந்ததே மாட்டிடமும் நடக்க வேண்டாம்.

பாலுக்கு வருகிறேன். மாடு இப்போது நன்றாக இருக்கிறது என்றால் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கலாம்; கொதியில் இந்தக் கிருமி நிற்காது. பச்சைப்பால் யாருக்கும் வேண்டாம். சொசைட்டிக்கு ஊற்றுவதை மட்டும், ஊசி போட வரும் மருத்துவரிடம் விவரம் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். மேலே சொன்ன குறி ஒன்று தெரிந்தாலும் கறவையை நிறுத்திவிட வேண்டும்.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாயோடு சண்டை போட்ட நாய்கள், அது நுழைந்த ஆட்டுப்பட்டிகள் எல்லாம் தெரிந்தாக வேண்டும். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடுகிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். சந்தேக நாயிடம் கடிபடுகிறவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்குக் கீழான பிள்ளைகள். தெருநாய்களைக் கொன்று தீர்க்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் யாராவது எழுந்து பேசுவார்கள். கொன்ற இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வந்து சேரும். ஊரில் உள்ள நாய்களில் 100-க்கு 70-க்காவது ஆண்டுதோறும் தடுப்பூசி விழுந்தால் பரவல் அறுந்துபோகும். பஞ்சாயத்தும் கால்நடை மருந்தகமும் சேர்ந்து ஒரு முகாம் போட்டால் ஆகிற வேலை இது.

காவலுக்கு மறுபடி நாய் வேண்டும்தான். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று, பிறகு வருடத்துக்கு ஒன்று. அட்டையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வீட்டில் எலி பிடிக்கப் பூனை இருந்தால் அதையும் அதே நாளில் கூடையில் போட்டுக் கொண்டுபோங்கள்.