பூட்டுக்கு மேல் பூட்டு: சாவியைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: தாம்பரத்தில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. முதலில் 11 மாத அக்ரிமென்ட் போட்டதோடு சரி. புதுப்பிக்கவில்லை, பதிவும் செய்யவில்லை. மாமியார் காரியத்துக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால், எங்கள் பூட்டுக்கு மேலே வீட்டுக்காரர் இன்னொரு பூட்டு போட்டிருக்கிறார். "அக்ரிமென்ட் முடிஞ்சுபோச்சு, என் வீடு" என்கிறார். தையல் மெஷின், பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் உள்ளே. போலீசில் "சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிட்டார்கள். வீடு பிடித்துக் கொடுத்த புரோக்கர், எங்கள் சாவியைக் கொடுத்து ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால் சாமான்களையும் 40,000 ரூபாயையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கதவில் இப்போது இரண்டு பூட்டு தொங்குகிறது. மேலே இருப்பது அவருடையது, கீழே இருப்பது உங்களுடையது. வீடு தன்னுடையது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்கிறவர் ஏன் உங்கள் பூட்டை உடைக்கவில்லை? உடைத்தால் அது வேறு வழக்காகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கையாலேயே சாவி வந்துவிட்டால் அவருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. புரோக்கர் உங்களைத் தேடி வந்தது அதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீட்டி முழக்காமல் சொல்கிறேன். அக்ரிமென்ட் முடிந்திருக்கலாம், வீட்டுக்காரருக்கு வீடு நிஜமாகவே தேவைப்படலாம். எதுவானாலும் அவர் நீதிமன்றம் போய் உத்தரவு வாங்கித்தான் உங்களை வெளியேற்ற வேண்டும். இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்த அனுமதிக் காலம் (லைசென்ஸ்) முடிந்த பிறகும் அதை வைத்திருந்தவரைக்கூடச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று 1989-லேயே ஓர் உணவக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டமும் (2017-ல் இயற்றியது) காலி செய்யச் சொல்ல இன்னின்ன காரணம் வேண்டும், அதற்கு வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பூட்டு வாங்கிப் போடலாம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

சரி, வீட்டுக்காரர் மனுப் போட ஒரு நீதிமன்றம் இருக்கிறது. பூட்டப்பட்ட வாடகைதாரர் போய்த் தட்ட அதே சட்டத்தில் நேரான கதவு எது? வீட்டில் இருக்கும்போதே தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். அவர் இடைக்கால உத்தரவு போட்டு இணைப்பைத் திரும்பக் கொடுக்க வைக்கலாம். வெளியே தள்ளிப் பூட்டினால்? வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று அடுக்கு கட்டியவர்களுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றவில்லை. அதனால் 1963-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றைத்தான் தூசி தட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

அது குறித்தவகை நிவாரணச் சட்டம், பிரிவு 6. சம்மதமில்லாமல், சட்டப்படி அல்லாமல் ஒருவரை இடத்திலிருந்து வெளியேற்றினால், அவர் உரிமையியல் (சிவில்) நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற பேச்சே அங்கே கிடையாது. நீங்கள் அங்கே இருந்தீர்களா, உங்களை அப்படி வெளியேற்றினார்களா, இவ்வளவுதான் கேள்வி. அக்ரிமென்ட் பதிவாகவில்லையே என்ற உங்கள் பயம் இந்த வழக்கில் பெரிதாக எடுபடாது. (பதிவு செய்யாதது தப்புதான். 11 மாதம் போட்டால் பதிவே வேண்டாம் என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் 2019-க்கு முன்னால் நின்றுவிட்டார்கள். இப்போது எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும்.)

இந்த வழக்குக்கு ஆறு மாதம்தான் கெடு, வெளியேற்றிய நாளிலிருந்து. அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் இந்த வழி அடைபடும். நான் பார்த்தவர்களில் பலர் அந்த ஆறு மாதத்தையும் ஸ்டேஷன் வாசலிலும் புரோக்கரின் "அடுத்த வாரம் பேசி முடிச்சுடலாம்"-இலும் தொலைத்துவிட்டுத்தான் வக்கீலிடம் வருகிறார்கள்.

"சம்மதமில்லாமல்" என்ற அந்த ஒரு சொல்லைத் திரும்பவும் படியுங்கள். உங்கள் முழு வழக்கும் அதில்தான் நிற்கிறது. நீங்களாகச் சாவியைக் கொடுத்தால் அது சம்மதம். "வீட்டை ஒப்படைத்துவிட்டேன், பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாலும் சம்மதம். கோபத்தில் "உன் வீடே வேண்டாம், என் பணத்தைக் கொடு" என்று வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினால் அதையும் சம்மதம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் போட்டுக் காட்டுவார். சாமான்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று போனால்கூட, எல்லாவற்றையும் ஏற்றிய வேனைப் படம் பிடித்து "அவங்களா காலி பண்ணிட்டுப் போனாங்க" என்பார்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்பது உண்மைதான். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். என்னிடம் வந்த ஒருவர் இதேபோல் வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தார். பிறகு அதில் அவருக்கு எட்டு மாத வாடகை பாக்கி என்று டைப் அடித்திருந்தார்கள். சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று நினைக்கிறீர்கள்? புரோக்கருடையதுதான்.

இந்தப் புரோக்கர்களைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வராது. வீடு பிடித்துக் கொடுக்க உங்களிடம் கமிஷன், காலி செய்து கொடுக்க வீட்டுக்காரரிடம் கமிஷன், அடுத்த ஆளைக் கொண்டுவர இன்னொரு கமிஷன். இவர்களுக்கு ஒரு படி மேலே "பேசி முடித்து" வைக்கும் கட்டப்பஞ்சாயத்துக்காரர்கள். உங்கள் அட்வான்ஸில் காணாமல் போகிற 20,000 எங்கே போகிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். கழிக்க வேண்டிய பாக்கியைக் கழித்து, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, அதை வாங்கித் தர நடுவில் ஆள் எதற்கு?

போலீஸ் விஷயம். வீடு யாருக்கு என்பது சிவில்தான். உங்களை வாசலில் தடுத்து நிறுத்தியது அப்படியல்ல. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் அது தவறாகத் தடுத்தல். அதனால் புகாரில் வீட்டைப் பற்றிப் பேசாதீர்கள். உள்ளே இருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள்: தையல் மெஷின், சர்டிபிகேட், ரேஷன் கார்டு, சிலிண்டர். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். தரவில்லையென்றால் அங்கே நின்று சண்டை போட வேண்டாம், அதே புகாரைக் காவல் ஆணையருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த அத்தாட்சி நிறையப் பேசும்.

அவர் பூட்டை நீங்கள் உடைக்கவே கூடாது. உடைத்த மறுநிமிடம் புகார் கொடுப்பவர் அவர், பதில் சொல்பவர் நீங்கள். இரண்டு பூட்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி இன்றைக்கே படம் எடுங்கள். வழக்குப் போட்டதும், நீதிமன்றத்தின் சார்பில் இடத்தைப் பார்வையிட ஒரு வழக்கறிஞரை (வழக்கறிஞர் ஆணையர்) நியமிக்கச் சொல்லி மனுப் போடலாம். அவர் நேரில் வந்து பூட்டுகளையும், நீதிமன்றம் அனுமதித்தால் உள்ளே இருக்கும் சாமான்களையும் பட்டியல் போட்டு அறிக்கை கொடுப்பார். அதற்குப் பிறகு "அவங்க போன மாசமே காலி பண்ணிட்டாங்க" என்ற கதை எடுபடாது.

குடியிருந்ததற்கு ஆதாரம் உங்களிடம் நிறையவே இருக்கும். கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளியில் கொடுத்த முகவரி, ஜிபேயில் மாதாமாதம் போன வாடகை. பூட்டு விழுந்த நாள் வரைக்குமான வாடகையில் பாக்கி இருந்தால் உடனே வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள், ரொக்கமாக வேண்டாம். இரண்டு மாதப் பாக்கி என்பது வெளியேற்ற அவருக்குச் சட்டமே கொடுக்கும் காரணம். அதை நாமே தட்டில் வைத்து நீட்டக் கூடாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று யோசிக்காதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள், அல்லது தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்கு நேரில் போங்கள். அந்த உதவி கிடைக்க, வழக்கைத் தாக்கல் செய்யும் வாதியாக, பெண்ணான உங்கள் பெயரையே போடச் சொல்லுங்கள்.

பூட்டைப் பார்த்த தேதியை நீங்கள் எழுதவில்லை. அன்றைக்கு ஊரிலிருந்து வந்த பஸ் டிக்கெட் பையில் எங்காவது கிடக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் உடனே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், அந்த மை சீக்கிரம் அழிந்துவிடும்.